பைபாஸுக்கு முன் நோயில்பூசுதல் கேட்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. அடுத்த வாரம் பைபாஸ் ஆபரேஷன். அதற்கு முன் நோயில்பூசுதல் (நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் கத்தோலிக்கச் சடங்கு) பெற பங்குச்சாமியைக் கூப்பிடலாம் என்றேன். "அவஸ்தை பூசுறதெல்லாம் சாகக் கிடக்கிறவங்களுக்கு, அவ பயந்துடுவா" என்று பெரியம்மா தடுக்கிறார். முன்பு நெஞ்சுவலி வந்தபோது ஒருமுறை பூசியிருக்கிறார்கள். மறுபடியும் பெறலாமா?

பதில்: தாராளமாகப் பெறலாம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.

பெரியம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. பல நூற்றாண்டுகளாக மரணப் படுக்கையில்தான் இதைக் கொடுத்து வந்தார்கள். எண்ணெய்ச் சிமிழோடு சாமியார் வாசலில் நின்றாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். கத்தோலிக்க ஆயர்களின் உலகக் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் 1963-இல் இதை மாற்றியது: நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே இதைப் பெறும் காலம் வந்துவிட்டது என்றது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையும் அதற்கேற்பத் திருத்தினார். கடும் நோய்க்காக ஆபரேஷன் செய்துகொள்பவர் முன்கூட்டியே பெறலாம் என்று சடங்கு நூலிலேயே இருக்கிறது. பைபாஸ் அதில் அடங்கும். பல் பிடுங்குவது அடங்காது.

ஒருமுறைதான் என்ற கணக்கும் இல்லை. குணமாகி மறுபடி கடும் நோய் வந்தாலோ, அதே நோய் முற்றினாலோ திரும்பப் பெறலாம். திருச்சபைச் சட்டம் 1004 இதைச் சொல்கிறது.

ஆனால் நீங்களும் பெரியம்மாவும் பேசி முடிவெடுப்பதற்கு முன் அம்மாவிடம் கேட்டீர்களா? விவிலியத்தில் யாக்கோபு திருமுகத்தில் (5:14) திருச்சபை மூப்பர்களை அழைக்கச் சொல்லியிருப்பது நோயாளியிடம்தான். பயப்படுவார் என்று நாம் நினைக்கிற பலர் உள்ளுக்குள் இதற்காகக் காத்திருப்பார்கள்.

நினைவு தப்பியவருக்கும் பூசலாம்தான். நினைவிருந்தால் கேட்டிருப்பார் என்றால் போதும். ஆனால் அப்போது பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்ய முடியாது, நற்கருணை (பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வாங்க முடியாது. நான் அவசரப்படுத்துவது அதனால்தான். உயிர் பிரிந்துவிட்டது உறுதி என்றால் பூசுவதில்லை, செபம் மட்டும்தான். பிரிந்ததா என்று சந்தேகம் இருந்தால் பூசலாம்.

வீட்டில் என்றால் ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு அறையப்பட்ட சிலுவை), மெழுகுவர்த்தி போதும். நெற்றியிலும் கைகளிலும் பூசுவார்கள். ஐசியூவில் கையெல்லாம் ஊசியும் டியூபுமாக இருந்தால் நெற்றி மட்டும் போதும். அங்கே ஆக்சிஜன் ஓடும், மெழுகுவர்த்தி பற்றவைக்காதீர்கள். பூசுவதற்குக் குருவானவர்தான் வரவேண்டும். திருத்தொண்டரோ (குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளர்) சிஸ்டரோ நற்கருணை கொண்டுவரலாம், பூச முடியாது.

அப்புறம் ஒன்று. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம் நோயாளிகளுக்குக் கிடையாது. ஆனால் ஆபரேஷனுக்கு முன் வாயில் எதுவும் படக்கூடாது என்று டாக்டர் சொல்வார், அதை மீறக்கூடாது. அதனால் சாமியாரை முந்தின நாள் பகலிலேயே வரச் சொல்லுங்கள்.