170 என்று போட்டிருக்கிறது, பிறகு ஏன் திணறுகிறது? – மெமரி கார்டு கேள்வி–பதில்

கேமரா பகுதிக்கு இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மெமரி கார்டு பற்றியவை. ஒரே மாதிரியாக இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

புது மிரர்லெஸ் கேமராவுக்குக் கார்டு வாங்க வேண்டும். ஒன்றில் 170, இன்னொன்றில் 95 என்று வேகம் அச்சிட்டிருக்கிறது. கூடவே வி30, யூ3, ஏ2, ரோமன் எண் என்று ஏதேதோ குறிகள். எதைப் பார்த்து வாங்குவது?

பெரிய எழுத்தில் இருப்பதைக் கடைசியாகப் பாருங்கள். 170 என்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். அதாவது, படங்களைக் கணினிக்கு மாற்றும்போது உதவுவது. படம் எடுக்கும்போது நடப்பதோ எழுதுதல். அந்த எண் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. இருந்தாலும் அது உச்ச வேகம்தான், எப்போதும் கிடைப்பது அல்ல.

இதற்குக் கீழே போகாது என்று உறுதி தருபவை வகுப்புக் குறிகள். சி எழுத்துக்குள் 10 இருந்தாலும், யூ எழுத்துக்குள் 1 இருந்தாலும், விநாடிக்குக் குறைந்தது 10 எம்பி (மெகாபைட்) எழுதும். யூவுக்குள் 3 என்றால் 30 எம்பி. வி30, வி60, வி90 ஆகியவற்றுக்கு விளக்கமே தேவையில்லை. அந்த எண்ணே எம்பி கணக்கு.

ரோமன் எண் ஒன்று அல்லது இரண்டு என்பது யூஎச்எஸ் பாதையின், அதாவது கார்டுக்கும் கேமராவுக்கும் இடையே தரவு போய்வரும் வழியின் தலைமுறை. முதலாவதன் உச்சவரம்பு விநாடிக்கு 104 எம்பி, இரண்டாவதற்கு 312. அப்படியானால் யூஎச்எஸ்-1 கார்டில் 170 எப்படி வந்தது? தயாரிப்பாளர்கள் தரநிலையைத் தாண்டித் தங்கள் சொந்த வழியில் கூட்டிய வேகம் அது. அதைப் புரிந்துகொள்ளும் கார்டு ரீடரில் மட்டுமே கிடைக்கும். கேமராவில் போட்டால் அதே கார்டு 104-க்குள் அடங்கிவிடும்.

ஏ1, ஏ2 ஆகியவை கைபேசியில் செயலிகளைக் கார்டிலிருந்து இயக்குவதற்கான குறிகள். கேமராவுக்கு அவற்றால் பயனில்லை, அதற்காகக் கூடுதல் பணமும் கொடுக்க வேண்டாம். பழைய கார்டுகளில் 633 எக்ஸ் என்று இருந்தால் அதை 150 கேபியால் பெருக்குங்கள்; ஏறக்குறைய 95 எம்பி வரும்.

என் கேமராவில் 4கே வீடியோ 100 மெகாபிட் என்று இருக்கிறது. கார்டின் எழுதும் வேகம் 90 எம்பி. 100-க்குக் குறைவு என்பதால்தான் பதிவு நடுவில் நின்றுவிடுகிறதா?

இல்லை. கேமரா சொல்வது மெகாபிட், கார்டு சொல்வது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் வீடியோவுக்குத் தேவை விநாடிக்கு 12.5 எம்பிதான். 200 என்றால் 25 எம்பி, அதற்கும் வி30 போதும். 400 மெகாபிட் என்றால் 50 எம்பி. அங்கேதான் வி60 கட்டாயமாகிறது. சில கேமராக்கள் யூ3 குறி இல்லாத கார்டைப் போட்டால் 100 மெகாபிட் பதிவைத் தொடங்கவே மறுக்கும்.

உங்களுடையது தொடங்கி, நடுவில் நிற்கிறது. எனவே வேறு காரணங்களைத் தேடுவோம். முதல் சந்தேகம், கார்டில் படங்களை இங்கொன்றும் அங்கொன்றுமாக அழித்துக்கொண்டே பயன்படுத்தியிருப்பது. வகுப்புக் குறி தரும் உறுதி, தொடர்ச்சியான காலி இடத்தில் எழுதும்போதுதான் பொருந்தும். இடம் துண்டுதுண்டாகக் கிடந்தால் வேகம் விழும். எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, மறுபடி பதிவு செய்து பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்து, மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிப் பயன்படுத்துகிறீர்களா? அங்கே தொடுமுனைகள் இரட்டிப்பாகின்றன, லேசான அசைவிலும் தொடர்பு அறுந்துபோகலாம். முழு அளவு எஸ்டி கார்டில் சோதியுங்கள். அதிலும் நின்றால் கார்டு போலியா என்று பார்க்க வேண்டும்; சோதனை முறை கீழே இன்னொரு பதிலில் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் சரியாக 29 நிமிடம் 59 விநாடியில் நின்றால் கார்டின் மேல் பழியில்லை. பல கேமராக்களில் தயாரிப்பாளரே வைத்த வரம்பு அது. அதேபோல 32 ஜிபி வரையிலான கார்டில் வீடியோ 4 ஜிபிக்கு ஒரு கோப்பாகப் பிரிவதும் கோளாறு அல்ல. ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளர முடியாது. துண்டுகளை எடிட்டிங்கில் வரிசையாக வைத்தால் இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளும்.

பறவைகளைத் தொடர்ச்சியாக எடுக்கும்போது முப்பது, நாற்பது படங்களில் கேமரா திக்கித் திணறுகிறது. யூஎச்எஸ்-2 கார்டு வாங்கினால் தீருமா?

முழுக்கத் தீராது. ஆனால் காத்திருக்கும் நேரம் குறையலாம். கணக்கைப் பாருங்கள்: 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு (கேமரா மெருகூட்டாமல் அப்படியே சேமிக்கும் படம்) ஒன்று 25 முதல் 30 எம்பி. விநாடிக்குப் பத்துப் படம் என்றால் 250 முதல் 300 எம்பி பாய்கிறது. எந்த யூஎச்எஸ்-1 கார்டும் அதை விழுங்காது. அதனால் படங்கள் முதலில் கேமராவுக்குள் இருக்கும் பஃபர் நினைவகத்தில் குவிகின்றன. அது நிரம்பியதும் கார்டு எழுதும் வேகத்துக்கே கேமராவும் இறங்கிவிடுகிறது. பஃபரில் 1000 எம்பி தேங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 80 எம்பி வேகத்தில் அது காலியாகப் பன்னிரண்டரை விநாடி பிடிக்கும்; 240 எம்பி என்றால் நான்கு விநாடிக்குச் சற்று மேல். பறவை அதுவரை கிளையில் உட்கார்ந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

வாங்குவதற்கு முன் கேமராவின் கையேட்டைத் திறந்து, கார்டுத் துளை யூஎச்எஸ்-2 வகையா என்று பாருங்கள். யூஎச்எஸ்-2 கார்டின் பின்புறம் தங்க நிறத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். முதல் தலைமுறைத் துளையில் இரண்டாவது வரிசையைத் தொட ஆளில்லை. கார்டு வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில். இரண்டு துளை உள்ள கேமராக்களில் ஒன்று மட்டும் யூஎச்எஸ்-2 ஆக இருப்பது சாதாரணம். இரண்டிலும் ஒரே படத்தை எழுதச் சொல்லியிருந்தால் மெதுவான கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். திணறலுக்குக் காரணம் இதுவாகவே இருந்து, யாரும் கவனிக்காமல் விடுவதும் உண்டு.

கையிலுள்ள கார்டுகளை நீங்களே அளக்கலாம். மேனுவல் ஃபோகஸ், 1/500 விநாடி ஷட்டர், இலைகள் அடர்ந்த மரம் போல நுணுக்கம் நிறைந்த காட்சி. வெற்றுச் சுவரை எடுத்தால் கோப்பு சிறிதாகிக் கணக்குத் தவறும். திணறும்வரை ஷட்டரை அழுத்திப் பிடித்து, விரலை எடுத்ததிலிருந்து கார்டு விளக்கு அணைய எத்தனை விநாடி என்று குறியுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் இதே போலச் செய்தால் எது உங்கள் கேமராவுக்கு ஏற்றது என்று தெரிந்துவிடும்.

ரா கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், செலவில்லாத மருந்து அது. வி90 கார்டுக்கு ஓட வேண்டாம். அது கனமான வீடியோவுக்கானது. நிழற்படத்துக்கு எழுதும் வேகம் நன்றாக உள்ள வி60 கார்டே தாராளம்.

64 ஜிபி கார்டு கணினியில் 59.6 என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. தயாரிப்பாளர் 64-ஐ நூறு கோடி பைட் கணக்கில் சொல்கிறார். விண்டோஸ் 1024-இன் மடங்கில் வகுக்கிறது. 59.6 சரியான எண்தான்.

ஆனால் சரியான எண்ணைக் காட்டுவதாலேயே கார்டு அசல் என்று ஆகிவிடாது. போலிக் கார்டில் 8 ஜிபி சிப்பை வைத்து, உள்ளே இருக்கும் கன்ட்ரோலரை 64 என்று பொய் சொல்லவைத்திருப்பார்கள். முதல் 8 ஜிபி ஒழுங்காகப் பதியும். அதற்குப் பிறகு எடுப்பவை பழையவற்றின் மேல் விழும், அல்லது எங்குமே பதியாது. கோப்பின் பெயர் பட்டியலில் தெரியும், திறந்தால் சாம்பல் நிறக் கட்டம் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக், லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டைக் காலி செய்துவிட்டு ஓட்டுங்கள். கடைசி பைட் வரை நிரப்பி, எழுதியதை மறுபடி படித்து ஒப்பிடும். 30 எம்பி வேகத்தில் 64 ஜிபி நிரம்பவே முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேலாகும், படிக்க இன்னும் நேரம். பொறுமை வேண்டும். ஆனால் வாங்கியதைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

பழைய காம்பாக்ட் கேமரா. 64 ஜிபி போட்டால் 'கார்டு பிழை' என்கிறது.

துளையின் அருகில் உள்ள குறியைப் படியுங்கள். வெறும் எஸ்டி என்றால் 2 ஜிபி வரை. எஸ்டிஎச்சி என்றால் 32 வரை. 64 ஜிபி கார்டு 2009-இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி வகை. எக்ஸ்ஃபேட் என்ற வேறு கோப்பு முறை. கணினியில் அதை ஃபேட்32 ஆக மாற்றிப் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு, சில கேமராக்களில் வேலையும் செய்யும். ஆனால் பாதி நிரம்பிய பிறகு மக்கர் செய்தால் படங்கள்தான் போகும். 32 ஜிபி கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள்.

தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டேன். படங்களை மீட்க முடியுமா?

அதன் பிறகு ஒரு படம்கூட எடுக்காமலிருந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. சாதாரண ஃபார்மேட், கோப்புகளின் பட்டியலை மட்டுமே அழிக்கிறது. படங்கள் அங்கேயே கிடக்கும். கேமரா மெனுவில் 'லோ லெவல் ஃபார்மேட்' என்ற தேர்வைப் போட்டிருந்தால் நம்பிக்கை மிகக் குறைவு.

கார்டை வெளியே எடுத்து, பக்கவாட்டுப் பூட்டைக் கீழே தள்ளுங்கள். கணினியில் போட்டதும் 'ஃபார்மேட் செய்யவா', 'பிழையைச் சரிசெய்யவா' என்று கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சரிசெய்வதும் கார்டில் எழுதும் வேலைதான். முதலில் கார்டு முழுவதையும் ஒரு பிம்பக் கோப்பாகக் கணினியில் நகலெடுங்கள். பிறகு அந்த நகலின் மேல் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்டதை வேறு வட்டில் சேமியுங்கள், ஒருபோதும் அதே கார்டில் அல்ல. பழைய கோப்புப் பெயர்கள் திரும்பாது. படங்கள் பெரும்பாலும் முழுதாக வரும். நீளமான வீடியோ துண்டுபட்டு வரலாம், ஏனென்றால் அது கார்டில் பல இடங்களில் சிதறி இருந்திருக்கும்.

கணினி கார்டையே அடையாளம் காணவில்லை என்றால் எந்த மென்பொருளும் உதவாது. மீட்பு ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

பூட்டு மேலேதான் இருக்கிறது. ஆனாலும் 'கார்டு பூட்டப்பட்டுள்ளது' என்கிறதே?

அந்தப் பிளாஸ்டிக் துண்டு தளர்ந்திருக்கும், அல்லது உடைந்திருக்கும். பூட்டு கார்டுக்குள் எதையும் மாற்றுவதில்லை. துளைக்குள் இருக்கும் சிறு விசை, பக்கவாட்டில் பள்ளம் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்க்கிறது, அவ்வளவுதான். பள்ளத்தின் மேல் டேப் ஒட்டினால் வேலை செய்யும். ஆனால் டேப் உள்ளே உரிந்து சிக்கினால் கேமராவைப் பிரிக்க வேண்டி வரும். படங்களை நகலெடுக்கப் பூட்டு ஒரு தடையல்ல. எடுத்துக்கொண்டு கார்டுக்கு ஓய்வு கொடுங்கள்.

ஒரே 256 ஜிபியா, நான்கு 64 ஜிபியா?

இரண்டு துளை இருந்தால் ஒரே அளவில் இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே படத்தை எழுத வையுங்கள். விவாதம் அங்கேயே முடிந்தது.

ஒரே துளை என்றால், ஒரு நாள் வேலை ஒரு கார்டில் அடங்கட்டும். கூடவே ஓர் உபரி கார்டு. 30 எம்பி ரா கோப்பு என்றால் 64 ஜிபியில் ஏறக்குறைய 2,100 படம். 100 மெகாபிட் வீடியோ என்றால் 128 ஜிபியில் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று சிறிய கார்டுகளைப் பரிந்துரைப்பவர்கள், மாற்றும்போது கார்டு தொலைவதையும் துளையின் முனை வளைவதையும் மறந்துவிடுகிறார்கள். அன்றாடம் நகலெடுப்பவருக்குப் பெரிய கார்டு ஆபத்தல்ல. நகலெடுக்காதவருக்குச் சிறியதும் காப்பல்ல. கார்டையே ஆல்பமாக அலமாரியில் வைக்கவும் வேண்டாம். அதற்குள் சேமித்த மின்னூட்டம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும்.

மேக் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: கார்டில் உள்ள படங்களை அங்கிருந்து அழித்தால் அவை கார்டிலேயே மறைவான குப்பைத் தொட்டிக்குப் போகும், இடம் காலியாகாது. அழிப்பதைக் கேமராவிலேயே செய்யுங்கள்.

எஸ்டியைவிட வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டில் ஏ, பி – எது நல்லது?

தேர்வு உங்களுடையது அல்ல, கேமராவுடையது. ஏ வகை எஸ்டி கார்டைவிடச் சிறியது, பி பெரியது. ஒன்றின் துளையில் மற்றது நுழையாது. பி வகையும் எக்ஸ்க்யூடி என்ற பழைய கார்டு வகையும் ஒரே வடிவம்; எக்ஸ்க்யூடி கேமராக்கள் சில, ஃபர்ம்வேரை (கேமராவின் உள் மென்பொருளை) புதுப்பித்த பின் பி கார்டை ஏற்கும். ரீடர்கள் அப்படி இணங்குவதில்லை, தனியாகப் பார்த்து வாங்குங்கள். இங்கேயும் முகப்பில் அச்சிட்ட ஆயிரக்கணக்கான எம்பி உச்ச வேகம்தான். விபிஜி200, விபிஜி400 போன்ற குறிகளே குறையாத எழுதும் வேகத்துக்கான உறுதி.

கார்டில் பாதிக்கு மேல் இடமிருக்கிறது. ஆனால் கேமரா படம் எடுக்க மறுக்கிறது. வேறு கார்டிலும் அதே நிலை.

கோப்பு எண்ணைப் பாருங்கள். ஃபோல்டர் எண் 999-ஐயும் அதற்குள் கோப்பு எண் 9999-ஐயும் எட்டியிருந்தால் கேமராவுக்கு அடுத்த எண் கிடையாது. வேறொரு கேமராவில் இருந்த கார்டைச் செருகும்போது, அதிலுள்ள பெரிய எண்ணிலிருந்து எண்ணிக்கை தொடர்வதால் திடீரென்று இப்படி ஆவதுண்டு. படங்களை நகலெடுத்து, கார்டை கேமராவில் ஃபார்மேட் செய்து, அது காலியாக இருக்கும்போதே மெனுவில் கோப்பு எண்ணை ரீசெட் செய்யுங்கள். கார்டைக் காலி செய்யாமல் ரீசெட் செய்தால், உள்ளே இருக்கும் 999 ஃபோல்டரைப் பார்த்துக் கேமரா மறுபடியும் அங்கேயே போய் நிற்கும்.