நாடகம் தொடங்கிய பிறகு வருபவரை எப்படி உட்கார வைப்பது?

கேள்வி: சென்னையில் ஒரு சபாவில் டார்ச் அடித்து சீட் காட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நாடகம் தொடங்கிய பிறகு வருபவர்கள், "காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கோம், விடுங்க" என்று சண்டைக்கு வருகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: தாமதமாக வருபவர் டிராஃபிக்கில் மாட்டி, வண்டி நிறுத்த இடம் தேடி, ஏற்கெனவே படபடப்போடுதான் வருவார். அவரிடம் "உள்ளே விட முடியாது" என்றால் குரல் உயரத்தான் செய்யும். "சார், இந்த சீன் முடிய மூணு நிமிஷம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள்.

அப்படிச் சொல்ல உங்களுக்கு நாடகம் தெரிந்திருக்க வேண்டும். முதல் மணி அடிக்கும் முன்பே குழுவினரைப் பார்த்து, எந்த சீன் எப்போது முடியும், பார்வையாளர் பக்கமிருந்து நடிகர் யாராவது வருகிறார்களா என்று கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சீன் மாறும்போது மேடை முழுக்க இருட்டாகும் அந்தச் சில நொடிகளில் மட்டும் யாரையும் நடக்க விடாதீர்கள். அடுத்த சீனுக்கு விளக்கு வந்ததும் கிளம்புங்கள்.

வெளிச்சத்திலிருந்து வரும் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். உங்கள் கண்ணுக்குத் தெரிகிற படிக்கட்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை நான் வேகமாக முன்னால் போய்விட, பின்னால் வந்த பாட்டி படியைத் தவறவிட்டு முழங்காலில் அடிபட்டுக்கொண்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதனால் கதவுக்கு உள்ளே ஒரு நிமிடமாவது நிறுத்தி வையுங்கள். டார்ச் வெளிச்சம் அவருடைய காலடியில் விழட்டும், உங்கள் காலடியில் அல்ல. முகத்துக்கோ சீட் முதுகுக்கோ அடிக்கவே கூடாது. டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டினால் மற்றவர்களுக்கும் கண் கூசாது.

வரிசையின் நடுவில் சீட் என்றால், இடைவேளை வரை ஓரத்தில் உட்காரச் சொல்லுங்கள். அதற்காகப் பின்வரிசையில் நாலைந்து சீட்டை ஒதுக்கித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் அதிகமானால் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்வார்கள். சொல்வது யாராக இருந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் சினிமா தியேட்டர் தீவிபத்தில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் கூடுதலாகப் போட்ட சீட்டுகள் ஒரு பக்கத்து வழியை அடைத்திருந்தன. இருட்டில் புகை சூழ்ந்தால் ஒரு நாற்காலி போதும், பின்னால் வருபவர் எல்லோரும் அதில் தடுக்கி விழுவார்கள். தினமும் நாடகத்துக்கு முன் வெளியேறும் கதவு ஒவ்வொன்றையும் நீங்களே தள்ளித் திறந்து பாருங்கள். பூட்டு தொங்கினால், அதைத் திறந்த பிறகுதான் முதல் ஆளை உள்ளே விட வேண்டும்.