பழுது பார்ப்போம்: ஐப்பசியில் கொப்பளித்த தரை

கேள்வி: எங்களுடையது மாமனார் காலத்து ஓட்டு வீடு. கூடத்திலும் உள்ளறையிலும் சிவப்பு ஆக்சைடு தரை. அங்கங்கே விரிசல் விட்டிருந்ததால், மகள் கல்யாணத்தை முன்னிட்டு வைகாசியில் அதன் மேலேயே மர டிசைன் வினைல் ஷீட்டைப் பசை போட்டு ஒட்டினோம். ஆவணி வரை பளபளவென்று இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் நடுக்கூடத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. மிதித்தால் சளக் சளக் என்கிறது, ஒரு புழுங்கல் நாற்றம் வேறு. ஒட்டியவர்களைக் கேட்டால் "நீங்கள் தண்ணீர் விட்டு அலசியிருப்பீர்கள்" என்கிறார்கள். இன்னொருவர் தரையையே உடைத்து டைல்ஸ் போடச் சொல்கிறார். வினைலை எடுத்தால் பழைய தரை கிடைக்குமா ஐயா?
- ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: கிடைக்கும் அம்மா. அவசரப்பட்டு உடைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

முதலில் அந்தப் பழியை இறக்கி வைப்போம். அலசிய தண்ணீர் ஷீட்டுக்கு அடியில் போவதென்றால் சுவர் ஓரத்திலும் ஜாயிண்டிலும்தான் முதலில் புகும். ஓரம் ஒட்டியபடி இருக்க, நடுக்கூடம் கொப்பளிக்கிறது என்றால் ஈரம் கீழிருந்து வந்திருக்கிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்குள் மண்ணும் மணலும் நிரப்பி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் திமிசு அடித்து, அதன் மேல் சிவப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். ஈரம் ஏறாமல் தடுக்க நடுவே பிளாஸ்டிக் தாள் விரிப்பதெல்லாம் அப்போது கிடையாது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை. மழைக்காலத்தில் மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் தரை வழியாக மெல்ல வெளியே வந்து காற்றில் போய்விடும். உங்கள் மாமியாரைக் கேட்டுப் பாருங்கள், கார்த்திகை மாதம் கூடத்தில் வெறுங்காலோடு நடந்தால் சில்லென்று ஈரம் தட்டும் என்பார்.

அதன் மேல் வினைலை ஒட்டியதும் வெளியே போகும் வழி அடைந்துவிட்டது. ஈரம் பசையில் தங்கி, பசை புளித்த தயிர் மாதிரி குழைந்துவிட்டது. வைகாசியில் ஒட்டியபோது தரை எலும்பு மாதிரி காய்ந்திருந்திருக்கும், பார்த்தவர்களும் நம்பியிருப்பார்கள். மேட்டூரில் தண்ணீர் திறப்பதே வழக்கமாக ஜூன் 12. அதற்கு அப்புறம்தான் ஆறும் வாய்க்காலும் ஓடி, குளம் நிரம்பி, நிலத்தடி நீர் மேலே ஏறும். அதன் மேல் வடகிழக்குப் பருவமழை. டெல்டாவில் தரை ஈரத்தைக் கோடையில் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

வெயில் வரட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் இப்போதே எடுக்கச் சொல்வேன். பசை ஈரத்தில் குழைந்திருக்கும்போது சுலபமாக உரியும். காய்ந்து இறுகிவிட்டால் தரையின் தோலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். காய வைக்கத்தான் கோடை.

கொப்புளத்திலிருந்து ஆரம்பியுங்கள். கட்டர் கத்தியின் நுனியை மட்டும் வெளியே விட்டு, ஷீட் அறுபடும் அளவுக்கே அழுத்திக் கோடு போடுங்கள். ஒரு சாண் அகலப் பட்டைகளாக அறுத்துக்கொண்டால் கைக்கு அடங்கும். பட்டையை நேர் மேலே இழுக்கக் கூடாது. பின்பக்கமாக மடித்து, தரையோடு தரையாக இழுக்க வேண்டும். விரிசல் இருந்த இடம் வரும்போது நிறுத்தி, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பயமில்லை. டொக்கென்று கேட்டால் அங்கே சிவப்புப் பூச்சு அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. அங்கே இழுக்கவே வேண்டாம். பட்டி பார்க்கிற தகட்டைப் படுக்க வைத்து மெல்ல நுழைத்து விடுவியுங்கள். வராமல் அடம் பிடிக்கும் இடத்துக்கு சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை ஆட்டியபடி காட்டினால் போதும். ஷீட் துணி போல் துவள வேண்டும், அவ்வளவுதான். புகை வந்தால் சூடு அதிகம், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

அடுத்து, மிச்சமிருக்கும் பசை. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். பால் போல் வெளுத்தால் தண்ணீரில் கரைகிற வகை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பழைய துண்டை அரை மணி போட்டு வைத்தால் வழித்து எடுத்துவிடலாம். வெளுக்காமல் மஞ்சளாக ரப்பர் போல் இழுபட்டால் அது வேறு வகை. அதில் தேங்காய் எண்ணெயைத் தடவி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் மரத்துண்டால் தேய்த்தால் உருண்டு உருண்டு வரும். தின்னர் ஊற்றினால் சீக்கிரம் வரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது ஆவியாகித் தரையோடு பரவும், சாமி விளக்கோ அடுப்போ எரிந்தால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். ஹீட் கன்னோடு சேர்த்தால் கேட்கவே வேண்டாம். கிரைண்டரும் கூடாது. மேலே இருக்கும் சிவப்பு சில மில்லிமீட்டர்தான், அதை அரைத்துவிட்டால் அந்தப் பளபளப்பு ஜென்மத்துக்கும் திரும்பாது.

எல்லாம் எடுத்த பிறகு தரை திட்டுத் திட்டாகக் கறுத்தும், சில வாரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தும் இருக்கும். பயப்படாதீர்கள். கழுவினால் உப்பு மறுபடி உள்ளே இறங்கும், காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கி அள்ளிவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியை ஓட விட்டு, பங்குனி வரை பாய்கூட விரித்தே வைக்காதீர்கள். பிறகு விரிசல் வேலை. சிமெண்டில் ஆக்சைடு பொடி கலக்கும்போது ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் வெளுக்கும். ஒரு ஓட்டுத் துண்டில் பூசிக் காயவைத்து நிறத்தை ஒப்பிட்டுக்கொண்டு அப்புறம் பூசச் சொல்லுங்கள். ஒட்டுப் போட்டது தெரியத்தான் செய்யும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

டைல்ஸ் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. உடைக்காமல் மேலேயே ஒட்டினால் தரை உயர்ந்து உங்கள் பழைய நிலைக்கதவுகளின் அடியை அறுக்க வேண்டி வரும். எண்ணெய் தடவிய தரையில் டைல் பிடிக்கவும் செய்யாது. உடைத்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஒட்டியவர்களிடம் பணம் கேட்கும் எண்ணம் இருந்தால், உரிக்கும் முன்பே கொப்புளத்தையும், உரிக்கும்போது நடுக்கூடத்து ஷீட்டின் அடிப்பக்க ஈரத்தையும் படம் எடுத்து வையுங்கள். பில்லைத் தேடி வையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பழுது தெரிந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனுப் போடலாம்.

உரித்த ஷீட்டைப் போகிக்குக் கொளுத்த எடுத்து வைக்காதீர்கள். அது பிவிசி. எரித்தால் வருவது விஷப்புகை.

கேள்வி: மாடியில் பழைய டைல்ஸ் மேல் மரப்பலகைத் தரை ஒட்டினோம். மழைக்காலத்தில் நடுவில் கூரை மாதிரி எழும்பி நிற்கிறது. மாடிக்கும் மண் ஈரம் வருமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வராது தம்பி. ஓரத்து ஸ்கர்டிங் பலகையை ஒரு பக்கம் கழற்றிப் பாருங்கள். பலகை சுவரை முட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைக்கிறேன். காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் அகலும், அதற்குச் சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் நடுவில் எழும்புவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. சுவரோரம் மட்டும் அறுத்து இடம் கொடுத்து, ஒரு கோடை பார்க்கலாம். படியவில்லையென்றால் எடுத்துவிட வேண்டியதுதான். பாலியூரித்தேன் பசை காய்ந்துவிட்டால் எதிலும் கரையாது. ரம்பத்தின் ஆழத்தைப் பலகைக் கனத்துக்கு வைத்துக் குறுக்கே அறுத்து, உளியால் துண்டு துண்டாகப் பெயர்க்க வேண்டும். கூடவே சில டைல்ஸ் வரும், அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் தரைப் பசை போகுமா?
- ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: பசை அப்படியே இருக்கும். சிமெண்டும் சுண்ணாம்பும்தான் பொங்கிக்கொண்டு போகும்.