சரிவுல நிக்கிற அறுபதுகள் வீடு, கேள்வி பதில்

கேரளா இடுக்கி மலையில குமுளி, பீர்மேடு, தேவிகுளம் பக்கம் 1950, 60கள்ல கட்டின வீடுங்கள பத்தி கேட்டிருந்தீங்க. தட்டை கூரை, பள்ளத்தாக்க பாத்து பெரிய கண்ணாடி ஜன்னல், சரிவுக்கு ஏத்தாப்ல ஏறி இறங்குற தரை, அந்த மாதிரி வீடு. தெரிஞ்சத சொல்றேன்.

குமுளியிலருந்து: அண்ணா, மொட்டை மாடி ஒழுகுது, எல்லாரும் ட்ரஸ் (இரும்புச் சட்டம்) அடிச்சு ஷீட் போடச் சொல்றாங்க. அழகே போயிடுமே?

போகும்தான். ஆனா இடவப்பாதி மழை, அதான் தென்மேற்கு பருவமழை, அழகு பாத்தா பெய்யுது? மொதல்ல வாட்டம் பாருங்க தம்பி, நூத்துக்கு ஒன்னாவது சரியணும். பழைய வீட்டுல அவுட்லெட் பைப் ஒல்லியா ஒன்னு ரெண்டுதான் இருக்கும், சில்வர் ஓக் இலை போய் அடைச்சா மாடி பூரா குளம். பைப்ப பெருசாக்கி தளத்த வாட்டம் குடுத்து புதுசா போட்டாலே நெறைய வீட்டுல ஒழுகல் நின்னுரும். அப்பவும் நிக்கலன்னா ஷீட் போடுங்க, ஆனா கைப்பிடிச் சுவர்லருந்து உள்ள தள்ளி, தாழ்வா, கீழருந்து பாத்தா தெரியாத மாதிரி. காத்து ஷீட்ட மேல தூக்கும், அதனால ட்ரஸ்ஸோட கால வெறும் ஸ்லாப்ல நிறுத்தாம சுவருக்கோ பீமுக்கோ நேரா நிறுத்துங்க.

தேவிகுளத்திலருந்து: பின்னாடி மலை மண்ண தாங்குற ரிடெய்னிங் வால் வயிறு தள்ளிருக்கு, பெட்ரூம் சுவரும் ஈரம். வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் போதுமா சார்?

பெயிண்ட தொடாதீங்க. தண்ணி மலையிலருந்து வருது, உள்பக்கம் மூடினா ஈரம் வேற இடத்துல போய் கிளம்பும். மண்ணுக்குள்ள தேங்கின தண்ணி குடுக்கிற அழுத்தம்தான் பெரும்பாலும் சுவர தள்ளும். வீப் ஹோல், அதான் சுவர்ல தண்ணி வெளிய போக விட்ட ஓட்டை, அடைஞ்சிருக்கான்னு பாருங்க, மேல சரிவுல ஒரு வாய்க்கால் வெட்டி தண்ணிய வீட்ட சுத்தி திருப்புங்க. வயிறு தள்ளின சுவர கண்டிப்பா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாக்கணும், அதுவும் மழைக்கு முன்னாடி. மழையில அடிவாரத்த தோண்டிராதீங்க.

பீர்மேட்டிலருந்து: தூண் இல்லாம நீட்டின பால்கனி லேசா தொங்குது. டைல்ஸ் போட்டு மட்டம் பண்ணிக்கலாமா?

வேணாம், பாரம்தான் கூடும். இந்த மாதிரி பால்கனிக்கு மெயின் கம்பி மேல்பக்கம் இருக்கணும், கான்கிரீட் போடுறப்ப ஆளுங்க மிதிச்சு கீழ இறக்கிருந்தா அன்னைக்கே பலம் போச்சு. சுவர ஒட்டி மேல்பக்கம் விரிசல் இருந்தா இன்னைக்கே கீழ முட்டு குடுங்க, ஊஞ்சல், பூந்தொட்டி எல்லாம் எடுத்துருங்க. பெரிய ஆளுங்க வீட்டுலயே இது நடந்திருக்கு, அமெரிக்காவுல ஃப்ராங்க் லாயிட் ரைட்ங்கிற பேர்போன ஆர்க்கிடெக்ட் 1930கள்ல கட்டின ஃபாலிங்வாட்டர் வீட்டு பால்கனி ஏழு இஞ்ச் வரைக்கும் இறங்கி, 2002ல கேபிள் போட்டு இழுத்துக் கட்டினாங்க.

வாகமண்ல வீடு, நான் கம்பம் ஊர்ல: ரெட் ஆக்சைடு தரைய உடைச்சிரலாமா?

உடைக்காதீங்க. அந்த மாதிரி தேய்க்கிற ஆளு இப்ப கிடைக்கிறதே கஷ்டம்.

அதே வீடு: தேக்கு ஜன்னலுக்கு பதிலா யுபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னல் போடலாமா?

யுபிவிசி சட்டம் தடிமன், அந்த ஒல்லி சட்டம் போனா வீட்டோட முகமே மாறிடும். மரம் நல்லா இருந்தா கண்ணாடிய மட்டும் டஃபண்டா (சூடாக்கி பலமாக்கின கண்ணாடி) மாத்துங்க, சன்ஷேடுக்கு அடியில விளிம்போரமா தண்ணி சொட்டி கீழ விழ ஒரு காடி (சின்ன பள்ளக் கோடு) இருக்கான்னு பாருங்க, அது பெயிண்ட்ல தூந்து போயிருந்தா தண்ணி நேரா சட்டத்துல வந்து நிக்கும்.