தீபாவளிக்கு வீட்டில் இருப்பீர்களா, கேப்டன்?

சென்னையைத் தளமாகக் கொண்டு ஏ320 விமானம் ஓட்டுகிறேன். 17 ஆண்டுகள் ஆகின்றன. மனைவி பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். குடும்பத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

மகன் பிளஸ் டூ படிக்கிறான். விமானியானால் மாதத்தில் பாதி நாள் வீட்டுக்கே வரமாட்டான் என்கிறார்களே, உண்மையா ஐயா?

அம்மா, விதிப்படி ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேலும், 7 நாளில் 35 மணி நேரத்துக்கு மேலும் பறக்கக் கூடாது. இதை மட்டும் பார்த்தால் அலுவலக வேலையை விடக் குறைவாகத் தெரியும். ஆனால் விமான நிலையத்துக்குப் போகும் பயணம், புறப்பாட்டுக்கு முந்தைய வேலைகள், வெளியூர் ஹோட்டலில் கழியும் இரவு எதுவும் இந்தக் கணக்கில் வராது. வார ஓய்வு உண்டு, அது ஞாயிற்றுக்கிழமையாக அமைவதுதான் அபூர்வம். செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்கு நான் வீட்டில் இருப்பேன், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள்.

கணவர் துணை விமானி. இரவு விமானம் முடித்து வந்து பகலெல்லாம் தூங்குகிறார். கைக்குழந்தையோடு நான் ஒருத்தியே அல்லாடுகிறேன். கேட்டால் சண்டை.

அந்தத் தூக்கம் அவருடைய வேலையில் பாதி, சகோதரி. அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை உடலின் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் தரையிறங்கி வந்தவர் நான்கு மணி நேரத் தூக்கத்தோடு மறுநாளும் போகக் கூடாது.

அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விழித்த பிறகும் செல்பேசியோடு படுத்துக் கிடப்பது ஓய்வுக் கணக்கில் சேராது. எங்கள் வீட்டில் ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, வந்த அன்றே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவோம். என் அறைக்குக் கனத்த திரை, பகலில் அழைப்பு மணிக்கு ஓய்வு. மாலை 4 மணிக்கு நான் எழுந்தால் இரவுச் சாப்பாடு வரை பிள்ளைகள் என் பொறுப்பு. இந்த ஒப்பந்தத்துக்கு வரவே எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் எதிர்வீட்டுக்காரர் என் மனைவியிடம், "சாருக்கு வேலை போய்விட்டதா?" என்று தணிந்த குரலில் விசாரித்துவிட்டார்.

வீட்டுக் கவலையோடு விமானம் ஓட்டலாமா?

சின்ன மனஸ்தாபம் என்றால் காரிலேயே விட்டுவிடலாம். மகள் டெங்கு காய்ச்சலில் மருத்துவமனையில் இருந்தபோது, "இன்று பறக்கும் நிலையில் இல்லை" என்று சொல்லிவிட்டேன். ஸ்டாண்ட்பையில், அதாவது தேவைப்பட்டால் போகத் தயாராக, இருந்த விமானி போனார். ஸ்டாண்ட்பை இருப்பதே அதற்குத்தானே.

மைத்துனன் கல்யாணத்தில் ஒரு கோப்பை பீர்?

பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் கூடாது. ஊதிக் காட்டும் கருவியில் பூஜ்யம்தான் வர வேண்டும். மறுநாள் ஸ்டாண்ட்பை என்றால் மோர் குடியுங்கள்.

பெண் விமானிகளுக்குப் பிரசவ விடுப்பு?

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். திரும்பி வந்ததும் மருத்துவச் சான்று, சிமுலேட்டர் எனும் மாதிரி விமான அறையில் பயிற்சி என்று இன்னும் சில வாரங்கள் ஓடும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு வீட்டில் இருப்பீர்களா?

இந்த ஆண்டு இல்லை, அதிகாலை டெல்லி விமானம். முதல் நாள் மாலையே எண்ணெய்க் குளியலும் பட்டாசும் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு இதில் வருத்தமே இல்லை. தெருவில் முதல் வெடி அவர்களுடையது.