முதல் நபிமொழியில் ஒரு வரி எங்கே போயிற்று?

கேள்வி: என் அத்தா வைத்திருந்த ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ என்ற நபிமொழித் தொகுப்பின் தமிழ் மொழிபெயர்ப்பிலும், சென்ற மாதம் மதுரை காஜிமார் தெருப் பக்கம் வாங்கிய ஸஹீஹுல் புகாரி முதல் பாகத்திலும் முதல் ஹதீஸ் (நபிமொழி) ஒன்றே: ‘செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன.’ ஆனால், அத்தாவின் நூலில் உள்ள ‘எவருடைய ஹிஜ்ரத் (ஊர் துறந்து புறப்படுதல்) அல்லாஹ்வுக்காகவும் அவனுடைய தூதருக்காகவும் இருக்கிறதோ’ என்று தொடங்கும் வரி புகாரியில் இல்லை. மொழிபெயர்த்தவர் விட்டுவிட்டாரா? அச்சுப் பிழையா?
– வாசகி, மேலூர்

பதில்: இரண்டும் இல்லை. அரபு மூலத்திலேயே அந்த இடத்தில் அந்த வரி கிடையாது. உலக ஆதாயத்துக்காகவோ, ஒரு பெண்ணை மணப்பதற்காகவோ புறப்பட்டவரைப் பற்றிய பகுதி மட்டும் அங்கே உண்டு. அதே நூலில் 54ஆம் எண்ணைப் புரட்டிப் பாருங்கள். நீங்கள் தேடும் வரி அங்கே முழுமையாக இருக்கும். இமாம் புகாரி (ஹிஜ்ரி 194–256) இந்த ஒரு நபிமொழியை ஏழு இடங்களில் பதிவுசெய்கிறார்: வஹீயின் (இறைச்செய்தியின்) தொடக்கம், ஈமான் (இறைநம்பிக்கை), அடிமை விடுதலை, ஹிஜ்ரத், திருமணம், சத்தியம், சட்டத் தந்திரங்கள். ஒவ்வோர் இடத்திலும் அவர் நிறுவ விரும்பும் சட்டக் கருத்து வேறு. எனவே அறிவிப்பாளர் தொடரும் வாசகமும் சற்றுச் சற்று மாறி வரும். ‘புகாரியின் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட அறிவு) அவருடைய தலைப்புகளில் இருக்கிறது’ என்று ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்வது இதனால்தான். முதல் இடத்தில் மட்டும் அவ்வரி ஏன் இல்லை என்பதை விரிவுரையாளர்கள் நெடுக விவாதித்திருக்கிறார்கள். நூலின் வாசலிலேயே அந்த வரியை வைத்தால், தம் உழைப்பு இறைவனுக்கானது என்று தாமே சான்றிதழ் கொடுத்துக்கொண்டது போலாகும் என்று அவர் கூசியிருக்கலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணங்களுள் ஒன்று. எனக்குப் பிடித்த காரணமும் அதுவே.

‘ஸஹீஹ் முஸ்லிம்’ என்ற தொகுப்பைத் தந்த இமாம் முஸ்லிமின் முறை வேறு. ஒரு நபிமொழியின் பல வழிகளை அவர் ஒரே இடத்தில் திரட்டிவிடுவார். இன்று பரவலாக உள்ள எண் வரிசையில் இந்த ஹதீஸ் அங்கே 1907ஆம் எண். அந்நூலில் நாம் காணும் பாடத் தலைப்புகள் அவர் இட்டவையல்ல, இமாம் நவவீ போன்ற பிற்கால உரையாசிரியர்கள் சேர்த்தவை. எண்களும் பிற்காலத்தவையே, பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆகவே யாரேனும் எண்ணை மட்டும் சொன்னால், எந்த நூல், எந்தப் பாடம் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹதீஸ் தமிழிலேயே தெளிவாக இருக்கும்போது விரிவுரை எதற்கு?
– வாசகர், திருமங்கலம்

பதில்: மேலூர் வாசகியின் ஹதீஸையே எடுத்துக்கொள்வோம். அரபு மூலத்தில் ‘செயல்கள் நிய்யத்துகளை (மனத்தில் கொள்ளும் நோக்கங்களை)க் கொண்டே’ என்பதோடு தொடர் நின்றுவிடுகிறது. பயனிலை தொக்கி நிற்கிறது. ‘செல்லும்’ என்று நிரப்புவதா, ‘நிறைவுபெறும்’ என்று நிரப்புவதா என்பதில்தான் மத்ஹபுகள் (மார்க்கச் சட்டப் பள்ளிகள்) பிரிகின்றன. ‘பொறுத்தே அமைகின்றன’ என்று தமிழில் எழுதியவுடன் அந்த இடைவெளி அடைபட்டுவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்வதற்கில்லை; வினைமுற்று இல்லாமல் விட்டால் தமிழில் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ஆனாலும் ‘எண்ணம்’ என்ற சொல்லைவிட, நோன்பு இரவுகளில் நம் வீடுகளில் புழங்கும் ‘நிய்யத்து’ என்ற சொல்லே கனமானது என்பேன்.

அடைபட்ட இடத்தைத் திறந்து காட்டுவதுதான் விரிவுரையின் வேலை. ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்த இப்னு ஹஜர் அஸ்கலானீ, புகாரிக்கு எழுதிய உரையான ‘ஃபத்ஹுல் பாரீ’யை ஹிஜ்ரி 817இல் தொடங்கி 842இல் முடித்தார், இருபத்தைந்து ஆண்டு உழைப்பு. அதே காலத்தில் அதே கெய்ரோ நகரில் ஹனஃபி அறிஞர் பத்ருத்தீன் ஐனீ, ‘உம்ததுல் காரீ’ என்ற பெயரில் அதே புகாரிக்கு உரை எழுதினார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரே வரி எத்தனை பக்கம் விரியும் என்பது தெரியும்.

வைகையில் தண்ணீர் வந்த நாளில் இருவர் வெக்கை தாளாமல் இறங்கிக் குளிக்கிறார்கள் என்று வையுங்கள்; ஒருவர் மதுரை ராவுத்தர், ஹனஃபி; மற்றவர் கீழக்கரையிலிருந்து வந்த உறவினர், ஷாஃபி. தொழுகையைப் பற்றிய நினைப்பே இருவருக்கும் அப்போது இல்லை. கரையேறும்போது பாங்கு கேட்கிறது. ‘நிறைவுபெறும்’ என்று நிரப்பும் மத்ஹபைச் சேர்ந்த ராவுத்தருக்கு ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் அங்கசுத்தி) கூடிவிட்டது, நிய்யத் இல்லாததால் அதற்குரிய நன்மைதான் இல்லை. அவர் நேரே பள்ளிவாசலுக்குப் போகலாம். ‘செல்லும்’ என்று நிரப்பும் மத்ஹபைச் சேர்ந்த கீழக்கரைக்காரரோ நிய்யத் வைத்து மறுபடி ஒளு செய்தாக வேண்டும்.