ஓட்டில்லாதவர்களின் எல்லை

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்காக இந்தியா – வங்கதேச நில எல்லை ஒப்பந்தம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாட்டுக்குள் மாட்டிக்கொண்ட மறு நாட்டின் துண்டு நிலங்களை மாற்றிக்கொண்டு எல்லைக்கோட்டை முடிவு செய்யும் ஒப்பந்தம் இது. 1974-ல் இந்திரா காந்தியும் வங்கதேசத்தின் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்திட்டது, நம் நாடாளுமன்றத்தில் 2015-ல்தான் நிறைவேறியிருக்கிறது. 41 வருடம்! எல்லைப் பாதுகாப்பு போன்ற விஷயங்களை எம்.பி.க்களின் கூச்சலுக்கு விடாமல் அரசே முடித்துவிடும்படி சட்டம் இருந்தால் நல்லதில்லையா? அப்படியென்றால் கச்சத்தீவில் நடந்ததும் சரிதானே? இதைப் பற்றி நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்.

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

படிக்கிற வயதில் இப்படிக் கேள்வி கேட்பதே எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் பதில் எழுதுகிறேன். ஆனால் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே பதிலை முடிவு செய்துவிட்டீர்கள். நாடாளுமன்றம் 41 வருடம் தாமதித்தது என்று யார் சொன்னது? அந்த 41 வருடத்தில் முதல் 39 வருடம் மசோதா அங்கே வரவே இல்லை. வராத மசோதாவை எம்.பி.க்கள் எப்படித் தடுப்பார்கள்?

வரிசையாகப் பாருங்கள். வங்கதேசம் 1974 நவம்பரிலேயே தன் நாடாளுமன்றத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டது. இங்கே அடுத்தடுத்து வந்த அரசுகள், இன்னும் 6.1 கிலோமீட்டர் அளந்து முடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டின. நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் எல்லையில் ஆறு கிலோமீட்டர்! 2011-ல் மன்மோகன் சிங் டாக்கா போய் கூடுதல் உடன்படிக்கை போட்டார். மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது 2013 டிசம்பரில், அதுவும் அதற்கு முந்தைய கூட்டத்தொடர்களில் முயன்று அமளியில் முடியாமல் போன பிறகு. அசாம் கண பரிஷத், திரிணாமுல், பாஜக என்று எதிர்ப்பு. மசோதாவை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது, சசி தரூர் தலைமையிலான குழு நிறைவேற்றச் சொன்னது. 2015 மே 7-ஆம் தேதி மக்களவையில் 331 பேர் ஆதரவு, எதிர்த்து ஒருவர்கூட இல்லை. அறிமுகத்திலிருந்து கணக்குப் போட்டால் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

அந்த ஒன்றரை வருடத்தில் எதிர்த்தவர்கள் எப்படி ஆதரவாளர்கள் ஆனார்கள் என்று யோசித்தீர்களா? 2013-ல் மண்ணை விட்டுக்கொடுக்கும் துரோகம் என்று பேசிய கட்சி, ஆட்சிக்கு வந்ததும் அதே மசோதாவைத் தானே கொண்டுவந்தது. அசாமில் தேர்தல் வரப்போகிறதே என்று அந்த மாநிலத்தை மட்டும் மசோதாவிலிருந்து கழற்றிவிடக்கூடப் பார்த்தார்கள். முதல்வர் தருண் கோகோய் எதிர்த்தார், கடைசி நேரத்தில்தான் அசாமை மறுபடி சேர்த்தார்கள். மேற்கு வங்கத்தின் அன்றைய முதல்வர் மம்தா, துண்டு நிலங்களிலிருந்து வருபவர்களின் மறுவாழ்வுக்கு மூவாயிரம் கோடி ரூபாய் அளவில் மத்திய அரசு உறுதி சொன்ன பிறகே முழுமனதாக வந்தார். பேரம்தான், ஆனால் அந்தப் பேரத்தில்தான் மாநிலத்துக்குப் பணம் கிடைத்தது. நீங்கள் விரும்புகிற மாதிரி டெல்லியில் ஒருவர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தால் இதைக் கேட்க ஆளே இருந்திருக்காது.

சிலிகுரியில் வேலை பார்த்த நாட்களில் வங்கதேச எல்லையோரத் தின்ஹாட்டாவைச் சேர்ந்த ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வருவார். நல்ல பேச்சுக்காரர், மீன் வாங்குவதில் என் குரு. அவருடைய பள்ளிச் சான்றிதழில் இருந்த அப்பா பெயர் அவருடைய அப்பாவின் பெயர் இல்லை. அவர் பிறந்தது சிட்மஹாலில், அதாவது நாலாபக்கமும் இந்தியா சூழ்ந்த வங்கதேசத் துண்டு நிலத்தில். பள்ளிக்கூடத்தில் சேர இந்திய முகவரி வேண்டும், அதனால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை அப்பா என்று எழுதிச் சேர்த்தார்கள். அங்கே அப்போது இது வழக்கம். சொந்த அப்பா இறந்தபோதும் காகிதத்தில் தனக்கு அப்பா இருந்தார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படி 2015 வரை வங்கதேசத்துக்குள் நம்முடையவை 111, நமக்குள் அவர்களுடையவை 51 இருந்தன, எல்லாவற்றிலும் சேர்த்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பள்ளி இருக்கவில்லை, போலீஸ் இருக்கவில்லை, மின்சாரம் இருக்கவில்லை. முக்கியமாக, இரண்டு நாட்டிலுமே ஓட்டு இருக்கவில்லை. உங்கள் 41 வருடத்துக்குக் காரணம் இதுதான். அசாமில் நிலம் போய்விடும் என்று பயந்தவருக்கு ஓட்டு இருந்தது, அவருக்காகக் கத்த எம்.பி. இருந்தார். சிட்மஹால்காரருக்காகக் கத்த ஒருவரும் இருக்கவில்லை. கூச்சல் அதிகமாகி ஒப்பந்தம் நிற்கவில்லை தம்பி, கூச்சல் போதாமல்தான் நின்றது. தரூர் குழு அறிக்கையாவது அந்த மக்களின் நிலையை அவைக்கு எடுத்துப் போனது. அதுவும் நாடாளுமன்றத்தின் வேலைதான்.

பாதுகாப்பு என்கிறீர்கள். 2001 ஏப்ரலில் மேகாலயாவின் பிர்திவா கிராமத்தை வங்கதேச எல்லைப் படை பிடித்தது, அடுத்த சில நாட்களில் அசாமை ஒட்டிய வங்கதேச ஊரான பரைபாரியில் நம் எல்லைப் பாதுகாப்புப் படையினர் 16 பேர் இறந்தார்கள். கோடு எங்கே என்று முடிவாகாத இடத்தில் காவல் போட்டால் இப்படித்தான் ஆகும். ஆக, பாதுகாப்பைக் கெடுத்தது எம்.பி.க்களின் கூச்சல் இல்லை, மசோதாவைக் கொண்டுவராமல் கோட்டை முடிவாகாமல் விட்டதுதான்.

அரசே முடித்துவிடும்படி சட்டம் என்கிறீர்களே, தேர்வுக்குப் படிக்கிறவர் பெருபாரி வழக்கைத் தாண்டிக்கொண்டு போகலாமா? மேற்கு வங்கத்தின் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க நேருவும் அந்நாட்டுப் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் 1958-ல் போட்ட உடன்பாட்டை வைத்து, நாட்டின் நிலத்தைக் கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960-ல் கருத்துச் சொல்லிவிட்டது. அதனால்தான் 2015-ல் நூறாவது திருத்தம். மசோதாவின் எண்ணைச் சரிசெய்யவே மறுபடி மாநிலங்களவைக்குப் போக வேண்டியிருந்தது, அது தனிக் கூத்து.

கச்சத்தீவை இதில் இழுக்காதீர்கள். பெருபாரிக் கருத்தைத்தான் ஜெயலலிதா 2008-ல் நீதிமன்றத்துக்கு எடுத்துப்போனார், மத்திய அரசோ அது சர்ச்சைக்குரிய இடம், விட்டுக்கொடுத்தது ஆகாது என்றது. அது வேறொரு நாள்.

புத்தகம் கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். 2015 மே 6, மாநிலங்களவை விவாதத்தை எடுத்து முழுக்கப் படியுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. அன்று பாராட்டிப் பேசியவர்களில் யாரெல்லாம் 2013-ல் எதிர்த்த கட்சிகளைச் சேர்ந்தவர்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள். இந்த முறை பதிலோடு வராதீர்கள், கேள்வியோடு மட்டும் வாருங்கள்.